பணி நாட்குறிப்பு (மென்பொருள் உருவாக்கம்)

பணி நாட்குறிப்பு என்பது, ஒரு மென்பொருளைத் தனியாக உருவாக்கும் நிரலாளர் ஒவ்வொரு நாளும் தாம் செய்த வேலை, அதற்குச் செலவான நேரம், எதிர்கொண்ட வழுக்கள், எஞ்சியுள்ள பணிகள் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வைக்கும் பதிவு ஆகும். வலைச் செயலி, அதாவது உலாவியின் வழியே இயங்கும் மென்பொருள், ஒன்றைத் தனியொருவராக உருவாக்குவோருக்கு இது பெரிதும் பயன்படுகின்றது. குழுவாகப் பணிபுரியும் இடங்களில் மேலாளர், சோதனையாளர், உடன் பணிபுரிவோர் ஆகியோர் செய்யும் கண்காணிப்பின் ஒரு பகுதியைத் தனி நிரலாளருக்கு இந்தக் குறிப்பேடு செய்கின்றது. தமது மதிப்பீடு எந்த அளவுக்குத் தவறுகின்றது என்பதை நிரலாளர் தாமே அறிந்து, உரிய காலத்தில் திருத்திக்கொள்ள வழி செய்வதே இதன் முதன்மையான பயன் ஆகும்.

தேவை

மென்பொருள் கண்ணுக்குப் புலப்படாத பொருள் ஆகும். ஒரு வீடு கட்டப்படும்போது சுவர் எந்த உயரத்துக்கு எழுந்துள்ளது என்பதை வழிப்போக்கரும் காணலாம். நிரலில் அவ்வாறு காண இயலாது. திரையில் தோன்றும் பகுதி விரைவில் உருவாகிவிடுவதால் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்ற எண்ணம் ஏற்படும். ஆனால் தரவுத்தளம், பயனர் நுழைவு, பாதுகாப்பு, தவறான உள்ளீடுகளைக் கையாளுதல், காப்புநகல் எடுத்தல், வழங்கியில் நிறுவுதல் ஆகியவை எஞ்சியிருக்கும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எசு/360 இயக்குதளப் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்சு, 1975இல் வெளியான தமது நூலில் இச்சிக்கலை எடுத்துரைத்தார். பெரிய தாமதங்கள் பெரும்பாலும் ஒரே பேரிடரால் வருவதில்லை. நாள்தோறும் நேரும் சிறு சறுக்கல்கள் சேர்ந்தே அவற்றை உண்டாக்குகின்றன என்பது அவரது கருத்து. நாளொன்றில் இழந்த ஒரு மணி நேரம் அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. எழுதி வைத்தால் மட்டுமே அது கூட்டுத்தொகையாகக் கண்ணில் படும்.

வரலாறு

குனுத்தின் வழுப்பதிவு

ஒருவர் தமது நிரலாக்கப் பணியை நாள்வழியாகப் பதிந்து வைத்ததற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனுத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் ஆகும். இதன் வடிவமைப்பை அவர் 1977இல் தொடங்கினார். பல்கலைக்கழகப் பணியிலிருந்து கிடைத்த ஓராண்டு விடுப்புக்குள் இதை முடித்துவிடலாம் என்று எதிர்பார்த்தார். ஆனால் 1982இல் முழு நிரலும் புதிதாக எழுதப்பட்டது. 1990இல் 3ஆம் பதிப்பு வெளியான பின்னரே புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

1978 மார்ச்சில் நிரலைச் சோதிக்கத் தொடங்கியது முதல், கண்டறிந்து திருத்திய ஒவ்வொரு வழுவையும் செய்த ஒவ்வொரு மேம்பாட்டையும் குனுத் வரிசையாக எழுதி வந்தார். இப்பதிவை அவர் 1989இல் ஓர் ஆய்வுக் கட்டுரையுடன் வெளியிட்டார். அதில் 850க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அவை 15 வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 9 வகைகள் வழுக்களையும் 6 வகைகள் மேம்பாடுகளையும் குறித்தன. தட்டச்சுப் பிழை, மறந்துபோன செயற்பாடு, எதிர்பாராத சூழல், தரவுக் கட்டமைப்புச் சிதைவு போன்றவை வழு வகைகளுள் சில. புகழ்பெற்ற ஓர் அறிஞர் தமது தவறுகள் அனைத்தையும் பட்டியலிட்டு வெளியிட்டது, நாட்பதிவு ஒருவரது திறமைக் குறைவைக் காட்டுவதன்று என்பதைப் பலருக்கும் உணர்த்தியது.

தனிநபர் மென்பொருள் செயல்முறை

இப்பழக்கத்தை முறையான ஒரு பயிற்சியாக வகுத்தவர் வாட்சு அம்ஃபிரி (1927–2010) ஆவார். ஐ.பி.எம். நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், 1986இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகத்தில் இணைந்தார். அங்கு அவரது வழிகாட்டலில் உருவான திறன் முதிர்ச்சி மாதிரியம் பெரிய நிறுவனங்களுக்கானது என்று கருதப்பட்டது. அதே கொள்கைகள் தனி ஒருவருக்கும் பொருந்துமா என்று அறிய, அம்ஃபிரி 1989இல் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அவர் 62 நிரல்களைத் தனியாக எழுதினார். அவை சுமார் 25,000 வரிகள் கொண்டவை. செலவிட்ட நேரத்தையும் செய்த பிழைகளையும் அவர் தொடர்ந்து பதிந்து வந்தார்.

இந்த அனுபவத்திலிருந்து உருவான முறை தனிநபர் மென்பொருள் செயல்முறை எனப்படுகின்றது. இதை விளக்கும் அவரது பாடநூல் 1995இல் வெளியானது. அனுபவமுள்ள நிரலாளரும் ஏறத்தாழ 7 முதல் 10 வரிகளுக்கு ஒரு வழுவை நுழைக்கின்றனர் என்று, பயிற்சி பெற்றோரின் பதிவுகளைக் கொண்டு அம்ஃபிரி எடுத்துக்காட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை உடனே திருத்தப்படுவதால் நினைவில் நிற்பதில்லை.

குறிப்பேட்டின் கூறுகள்

அம்ஃபிரியின் முறையில் இரண்டு அடிப்படைப் பதிவேடுகள் உள்ளன.

நேரப் பதிவேடு: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையீட்டு நேரம், நிகர நேரம், பணியின் கட்டம், குறிப்பு ஆகியவற்றைக் கொண்டது. தொலைபேசி அழைப்பு, மின்தடை, விருந்தினர் வருகை போன்றவை இடையீட்டில் அடங்கும். திட்டமிடல், வடிவமைப்பு, நிரலாக்கம், தொகுத்தல், சோதனை, பின்னாய்வு என்பன கட்டங்கள் ஆகும்.

வழுப் பதிவேடு: வழுவின் எண், தேதி, வகை, அது நுழைந்த கட்டம், நீக்கப்பட்ட கட்டம், திருத்த எடுத்த நேரம், விளக்கம் ஆகியவற்றைக் கொண்டது. வடிவமைப்பில் நுழைந்த வழு சோதனையின்போதுதான் பிடிபடுகின்றது எனில், அடுத்த முறை வடிவமைப்பை மீள்பார்வையிடக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியவரும்.

இவற்றுடன் பணிப் பட்டியல் ஒன்றும் தேவை. ஒவ்வொரு பணிக்கும் தொடங்கும் முன்னரே நேர மதிப்பீடு எழுதப்பட வேண்டும். பணி முழுமையாக முடிந்தால் மட்டுமே அதன் மதிப்பீடு கணக்கில் சேர்க்கப்படும். பாதி முடிந்த பணிக்கு மதிப்பு இல்லை. "ஏறக்குறைய முடிந்துவிட்டது" என்ற ஏமாற்றத்தைத் தவிர்ப்பதற்கான விதி இதுவாகும்.

எடுத்துக்காட்டு

பின்வருவது முறையை விளக்குவதற்கான ஒரு கற்பனைக் கணக்கு ஆகும். காரைக்கால் மாவட்டத்தின் மீனவ ஊர்களுள் ஒன்று மண்டபத்தூர். அத்தகைய ஊர் ஒன்றில் கரைக்கு வரும் மீனின் ஏலத்தைப் படகுவாரியாகப் பதிந்து, ஒவ்வொரு படகுக்கும் சேர வேண்டிய தொகையை அன்றே காட்டும் வலைச் செயலியை ஒருவர் மாலை நேரங்களில் உருவாக்குகின்றார் எனக் கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாட்கள் ஆகும். தடை முடிந்து படகுகள் கடலுக்குச் செல்லும்போது செயலி ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நிரலாளர் மே 15 அன்று பணியைத் தொடங்குகின்றார். பணிகளின் மொத்த மதிப்பீடு 60 மணி. நாளொன்றுக்கு 2 மணி வீதம் 30 நாட்களில், அதாவது சூன் 13 அன்று, பணி முடிய வேண்டும். பத்தாம் நாள் பதிவு கீழ்வருமாறு அமைந்துள்ளது:

மே 24. தொடக்கம் 7.30, முடிவு 9.40, இடையீடு 35 நிமிடம், நிகர நேரம் 1 மணி 35 நிமிடம்.
பணி: படகு விவரப் படிவம் (மதிப்பீடு 1 மணி). முடிந்தது.
வழு: ஒரே படகை இருமுறை பதிய முடிந்தது. வடிவமைப்பில் நுழைந்தது, சோதனையில் பிடிபட்டது. திருத்த 25 நிமிடம்.
நாளை: ஏலத் தொகைப் பதிவு.
எஞ்சியவை: 50 மணி.

பத்து நாட்களின் கூட்டுத்தொகையைப் பார்க்கும்போது, திட்டமிட்ட 20 மணிக்குப் பதிலாக நிகர நேரம் 15 மணி மட்டுமே கிடைத்துள்ளது. முடிந்த பணிகளின் மதிப்பீடோ 10 மணி மட்டுமே. எனவே ஒரு மணி என மதிப்பிட்ட வேலைக்கு உண்மையில் ஒன்றரை மணி ஆகின்றது. எஞ்சிய 50 மணி மதிப்பீட்டுக்கு 75 மணி தேவை. நாளொன்றுக்கு ஒன்றரை மணி வீதம் இன்னும் 50 நாட்கள் ஆகும். ஆகவே பணி சூன் 13க்குப் பதிலாக சூலை 13 அன்றே முடியும்.

குறிப்பேடு இல்லாவிடில், மூன்றில் ஒரு பங்கு நாட்கள் கழிந்தன, மூன்றில் ஒரு பங்கு வேலையும் முடிந்திருக்கும் என்றே அவர் எண்ணியிருப்பார். உண்மை சூன் இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்திருக்கும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருந்திராது. மே 24 அன்றே தெரிந்ததால் அவருக்குத் தெரிவு உள்ளது. எஞ்சிய 20 நாட்களில் கிடைக்கக்கூடிய நிகர நேரம் 30 மணி. அதற்குள் அடங்குவது 20 மணி மதிப்பீடுள்ள பணிகள். ஏலப் பதிவையும் படகுக் கணக்கையும் முதலில் முடித்து, மாத அறிக்கை, வரைபடங்கள் போன்ற 30 மணி மதிப்பீடுள்ள பணிகளைப் பின்னர் செய்யலாம். பயனர்களுக்கும் இதை முன்கூட்டியே தெரிவிக்கலாம்.

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருட்கள்

நிரலில் செய்யப்படும் மாற்றங்களைத் தேதியுடன் தானாகப் பதியும் மென்பொருட்களும் நாட்குறிப்பின் ஒரு பகுதியாகப் பயன்படுகின்றன. இவ்வகையில் முன்னோடியான எசு.சி.சி.எசு. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்டு என்பவரால் உருவாக்கப்பட்டது. லினசு டோர்வால்டுசு 2005இல் உருவாக்கிய கிட் இன்று பரவலாகப் பயன்படுகின்றது. இதில் ஒவ்வொரு மாற்றத்துடனும் செய்தவர் பெயர், நேரம், விளக்கச் செய்தி ஆகியவை சேமிக்கப்படுகின்றன. ஒருங்குறியை ஏற்பதால் விளக்கச் செய்திகளைத் தமிழிலேயே எழுதலாம்.

எனினும் இவை நாட்குறிப்புக்கு முழு மாற்று ஆகா. எது மாறியது என்பதை இவை காட்டும். ஒரு வழியை மூன்று நாட்கள் முயன்று கைவிட்ட செய்தி, அதை நிரலாளர் எழுதி வைக்காவிடில், நிரலின் வரலாற்றில் இடம்பெறாது. ஆறு மாதங்களுக்குப் பின்னர் அதே வழியை மீண்டும் முயலாமல் தடுப்பது குறிப்பேட்டில் எழுதிய காரணமே ஆகும்.

விமர்சனங்கள்

கையால் எழுதப்படும் பதிவுகள் எப்போதும் நம்பத்தக்கவை அல்ல. அவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் டிசுனி, பிலிப் சான்சன் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தனிநபர் மென்பொருள் செயல்முறையைப் பின்பற்றிய 10 பேரின் 89 நிரல்களுக்கான பதிவுகளில் 1,500க்கும் மேற்பட்ட பிழைகள் கண்டறியப்பட்டன. கணக்கீட்டுத் தவறுகளும் விடுபட்ட தரவுகளும் இவற்றுள் அடங்கும். பதிவுக்கான படிவங்கள் மிகுதியாக இருப்பின் நிரலாளர் சில வாரங்களில் அவற்றைக் கைவிடுவதும் உண்டு. அன்றைய வேலை முடிந்த உடனே சில நிமிடங்களில் எழுதக்கூடிய சிறு பதிவே நிலைக்கும்.

மற்றொரு விமர்சனம், பதிவே இலக்காக மாறிவிடுவது பற்றியது. ஓர் அளவீடு இலக்காக்கப்படும்போது அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்னும் கருத்து, பிரித்தானியப் பொருளியலாளர் சார்லசு குட்கார்ட்டின் பெயரால் குட்கார்ட் விதி எனப்படுகின்றது. கிட்ஹப் தளம் 2013இல் ஒவ்வொரு பயனரின் நாளாந்தப் பங்களிப்பையும் பச்சைக் கட்டங்களாகக் காட்டத் தொடங்கியது. இடைவிடாது பங்களித்த நாட்களின் எண்ணிக்கையும் காட்டப்பட்டது. தொடர்ச்சி அறுபடக் கூடாது என்பதற்காகச் சிலர் பொருளற்ற சிறு மாற்றங்களையும் பதிந்தனர். அவ்வெண்ணிக்கை 2016இல் நீக்கப்பட்டது. கட்டங்கள் மட்டும் தொடர்கின்றன. எழுதிய வரிகளின் எண்ணிக்கையை முன்னேற்றமாகக் கொள்வதிலும் இதே இடர் உள்ளது. தேவையற்ற 200 வரிகளை நீக்கிய நாள் நல்ல நாளாகவே இருக்கலாம்.

இவ்விரு குறைகளையும் தவிர்க்க, செய்தவற்றின் பட்டியலைவிட எஞ்சியவற்றின் கணக்கை முதன்மையாகக் கொள்வது நல்லது. ஒன்றும் முடியாத நாளையும் அவ்வாறே பதிய வேண்டும். அந்த நாட்களே மதிப்பீட்டைச் சரிசெய்யத் தேவையான தரவுகள் ஆகும்.

தமிழ்ச் சூழலில்

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் தனிநபர் முயற்சிகளுக்குச் சிறப்பிடம் உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு, சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் 2000இல் வெளியிட்ட அழகி ஆகிய தமிழ் எழுது மென்பொருட்கள் இதற்குச் சான்றுகள் ஆகும். நாட்பதிவை முறைப்படுத்திய அம்ஃபிரியின் பெயரில் வாட்சு அம்ஃபிரி மென்பொருள் தரக் கழகம் 2000ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்டது. கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணியைத் தனியாகச் செய்யும் மாணவர்களுக்கும் இம்முறை பொருந்தும். ஒரு குறிப்பேடும் கடிகாரமும் இதற்குப் போதுமானவை.

இவற்றையும் பார்க்க

டொனால்ட் குனுத்
திறன் முதிர்ச்சி மாதிரியம்
பதிப்புக் கட்டுப்பாடு
தமிழ்க் கணிமை