டால்ஸ்டாய் பண்ணை: துறவும் போராட்டமும்

இன்று உலகெங்கும் கேட்கும் குரல்களுள் ஒன்று, வீட்டு வசதிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது. பூமி வெப்பமடைகிறது, நீர் வற்றுகிறது. குளிரூட்டியும் காரும் நமக்கு எதற்கு என்று கேட்கின்றனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயின் அது பெரும்பாலும் தனிமனிதனின் மனச்சாட்சியோடு பேசுவதுடன் ஓய்ந்துவிடுகிறது. துறப்பவர் யார், துறப்பினால் மிஞ்சுவது எதற்குப் பயன்படுகிறது என்னும் கேள்விகள் எழுவதில்லை. இவற்றுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கண்ட சிறு சமுதாயம் ஒன்று நூறாண்டுக்கு முன்னர் தென்னாபிரிக்காவில் இருந்தது. தமிழர் பலர் அதில் வாழ்ந்தனர்.

1906 இல் திரான்ஸ்வால் அரசு, இந்தியர் அனைவரும் கைரேகையிட்டுப் பதிந்துகொள்ள வேண்டுமெனச் சட்டமியற்ற முனைந்தபோது சத்தியாக்கிரகம் பிறந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் அது களைத்தும் போயிற்று. இழப்பதற்குக் கடையும் சரக்கும் வைத்திருந்த வணிகர் பலர் மெல்ல ஒதுங்கினர். மீண்டும் மீண்டும் சிறை புகுந்தோருள் தமிழரே முன்னின்றனர். தம்பி நாயுடு அவர்களுள் தலையாயவர். சிறை சென்றவனின் மனைவி மக்களுக்குச் சோறு போடுவது யார்? குடும்பந்தோறும் மாதப் பணம் கொடுத்ததில் நிதி கரைந்தது. இரத்தன் டாட்டா 1909 இல் அனுப்பிய 25,000 ரூபாயும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்நெருக்கடியிலேதான் டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. ஜொஹானஸ்பேர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், லோலி புகையிரத நிலையத்தருகே இருந்த தமது 1,100 ஏக்கர் நிலத்தை, போராட்டம் முடியும்வரை வாடகையின்றிப் பயன்படுத்துமாறு 1910 மே மாதத்தில் ஹெர்மன் கலன்பாக் வழங்கினார். அவர் செல்வம் மிக்க யூதக் கட்டிடக் கலைஞர். மாதம் 1,200 ரூபாய் தமக்கென்றே செலவிட்டு வந்தவர், பழக்கத்தை மாற்றி அதனை 120 ரூபாயாகக் குறைத்தார் என்று காந்தி எழுதியுள்ளார். பாராட்டத்தக்கதே. எனினும் நமது கவனம் அவரிடம் நின்றுவிடலாகாது. பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்வதற்குப் பத்து மடங்கு முதலில் இருக்க வேண்டுமல்லவா?

பண்ணையில் வேலையாட்கள் இல்லை. சமையல் முதல் மலம் அள்ளுவது வரை எல்லாம் அங்கு வாழ்ந்தோரின் கைகளாலேயே நடந்தன. மரமும் தகரமும் கொண்டு வீடுகள் எழும்பும்வரை கூடாரங்களில் தங்கினர். சுமார் 500 யார் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து காவடி கட்டி நீர் சுமந்தனர். கோதுமையைத் தாமே அரைத்துப் பாண் சுட்டனர். வறுத்த கோதுமைத் தூளே கோப்பியாயிற்று. தமிழர், குஜராத்தியர், ஆந்திரர், வட இந்தியர் என்றும், இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என்றும் பிரிந்து கிடந்தவர்கள் ஒரே வரிசையிலிருந்து, ஒரே சமையலறை உணவை உண்டனர். மலத்தைக் குழியிலிட்டு மண்ணால் மூடினர், அது எருவாயிற்று. சமையற் கழிவும் மண்ணுக்கே சென்றது. இன்றைய சூழலியலாளர் புதுமையெனப் போதிப்பவற்றுட் பல அங்கே அன்றாடக் கடமைகளாக இருந்தன. மலத்தை அள்ளுவதற்கென்று ஒரு சாதியைப் பிறப்பித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இதனைச் செய்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சொந்த அலுவலாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும். உணவையும் கட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்திற் சென்றடைவர். 4 மணி 18 நிமிடத்தில் ஓடி முடித்தவரும் உண்டு! சிறுவர்களுக்கு இது விளையாட்டு. நிதிக்கோ பல நூறு ரூபாய் மிச்சம். பாடசாலையும் நடந்தது. போப்பையரின் கைந்நூலைக் கொண்டு தமிழ் கற்ற காந்தி, பேச்சுத் தமிழில் தம்மை வெல்லக்கூடிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அந்த வகுப்பறையை எண்ணுகையில் முறுவல் எழுகின்றது. 1912 இல் கோகலே வந்தபோது அவருக்காக மட்டும் ஒரு கட்டில் கொண்டுவரப்பட்டது. எல்லாரும் தரையிற் படுப்பதை அறிந்த அவர் அதனை அகற்றச் செய்தார்.

ஆடவரின் உடையிலே பண்ணையின் நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. தொழிலாளர் அணியும் காற்சட்டையும் சட்டையும், சிறைக்கைதியின் உடையைப் பார்த்துத் தைக்கப்பட்டவை. ஆம், எளிமை அங்கு ஆன்ம சுத்திக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சிறைக்குப் பயிற்சியாகவும் போராட்ட நிதிக்குக் காவலாகவும் இருந்தது. வசதி குறையக் குறைய அரசு அச்சுறுத்துவதற்குரிய பொருளும் குறைந்தது.

இதன் பயன் 1913 இல் தெரிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திற் பண்ணை கலைந்தது. ஆனால் அங்கு வாழ்ந்த பெண்கள் கலைந்துபோகவில்லை. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாவென நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவர்கள் களத்தில் இறங்கினர். பதினொரு பெண்கள், ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழர், சிலர் கைக்குழந்தையுடன், எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் நகரை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். இவர்களின் பெயர்களை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. வரலாற்றிலும் பெரும்பாலோர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு எனக் கணவர் பெயராலேயே நிற்கின்றனர்.

அச்சுரங்கத் தொழிலாளர் யார்? 1860 முதல் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளும் அவர்களின் வழிவந்தோரும். நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்த அதே சென்னை மாகாணம் அவர்களுட் பெரும்பாலோரையும் அனுப்பியது. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதவன் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்ட வேண்டும். மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 12 பவுண், அதாவது 240 சிலிங். குடும்பத்தலைவனின் மாத வருமானமோ, காந்தியின் கணக்குப்படி, 14 சிலிங்குக்கு மேற்படாது! இவர்களிடம் போய் எளிமையைப் போதிப்பவன் எவன்?

வேலைநிறுத்தம் தொடங்கியதும் முதலாளிகள் குடியிருப்புகளின் விளக்கையும் நீரையும் நிறுத்தினர். வசதி என்பது யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். உடுதுணியும் போர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் வெளியேறினர். நவம்பர் 6 ஆம் நாள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் திரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தனர். தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை இறாத்தல் பாண், ஓர் அவுன்சு சீனி. அவர்கள் நாடிச் சென்ற இடம் டால்ஸ்டாய் பண்ணையே. வழியில் மறிக்கப்பட்டு, புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பண்ணையை அவர்கள் காணவில்லை. ஆனால் 1914 இல் 3 பவுண் வரி ஒழிந்தது; திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

இவ்வெற்றியின் எல்லையையும் கூறாதுவிடின் நம் வரலாறு அரைகுறையாகும். திரான்ஸ்வாலில் இந்தியர் நிலம் உடைமைகொள்வதை 1885 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. ஆகவே பண்ணை ஒரு வெள்ளையரின் உறுதியிலேதான் இருக்க முடிந்தது. ஆபிரிக்கரின் நிலையோ இதனினும் கொடிது. பெண்கள் எல்லை கடந்த அதே 1913 இன் ஜூன் மாதத்தில் நிறைவேறிய நிலச்சட்டம், நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கை மட்டுமே அவர்களுக்கு ஒதுக்கியது. அது சத்தியாக்கிரகிகளின் கோரிக்கைகளில் இடம்பெறவில்லை. லோலியின் பழமரங்களுக்கிடையே தகர வீடு கட்டி எளிமை பயில இந்தியருக்கு ஒரு நண்பர் இடமளித்தார். அம்மண்ணின் மைந்தனான ஆபிரிக்கனுக்கு, ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே அவ்விடத்தில் ஓர் ஏக்கரை விலைக்கு வாங்கும் உரிமைகூட இருக்கவில்லை.