சினைக் குதிரையின் தையல்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பந்தயக் குதிரைப் பண்ணைகளில் ஜனவரி தொடங்கி மே வரை ஈற்றுக்காலம். பெருங்குடல் முறுக்கிக்கொண்டு அறுவைக்குப் போகும் பெட்டைக் குதிரைகளும் அப்போது அதிகம். நிறைசினையிலும் முறுக்கும், ஈன்ற சில வாரங்களிலும் முறுக்கும். இரண்டிலும் மருத்துவர் கீறுவது அடிவயிற்றின் நடுக்கோட்டு நார்ப்பட்டையைத்தான். தைத்து முடித்த பிறகுதான் பாடு வேறாகிறது.

வெட்டிய நார்ப்பட்டை பழைய வலுவுக்கு வரச் சுமார் 8 வாரம் ஆகும். ஈன்ற குதிரைக்கு அந்த அவகாசம் உண்டு. முதல் மாதம் லாயத்தில் அடைப்பு, கையில் பிடித்து மெல்ல நடை, பிறகு சிறிய வேலிக்குள் என்று பொறுமையாக ஆற்றிவிடலாம். குட்டியும் கூடவே அடைபடுவது சற்றுச் சிரமம், அவ்வளவே.

சினைக் குதிரைக்குக் காலம் காத்திருக்காது. சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். கடைசி மூன்று மாதங்களில்தான் குட்டி மளமளவென்று கனக்கும். பிறக்கும்போது 50 கிலோ எடை இருக்கும் குட்டி, அதைச் சூழ்ந்த நீர், நஞ்சு எல்லாமே புதுத்தையல்மேல் தொங்குகின்றன. பத்தாம் மாதத்தில் அறுவை என்றால், தையல் இறுகும் முன்பே ஈற்று முக்கல் வந்துவிடும்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வீக்கம். நிறைசினையில் அடிவயிற்றில் நீர் கோப்பது இயல்பு. விரலால் அழுத்தினால் குழி விழும், குதிரை சும்மா நிற்கும். தையலில் சீழ் பிடித்தாலும் அதே இடம்தான் வீங்கும். ஈன்ற குதிரையில் சட்டென்று கண்ணில் படுவது இங்கே மறைந்துபோகும். ஆகவே பார்த்தால் போதாது, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு, தொட்டதும் காலை உதறுவது, கசிவு, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சீழ் பிடித்த தையல்தான் பின்னாளில் விட்டுக்கொடுத்துக் குடலிறக்கமாகிறது. இது இரண்டுக்கும் பொது.

தையலுக்குப் பயந்து ஊசி போட்டு முன்கூட்டியே ஈன வைப்பதை நான் ஏற்கமாட்டேன். குதிரைக்குட்டியின் உறுப்புகள் முதிர்வது கடைசி நாட்களில்தான். ஆள் காவலிருந்து, முக்கல் நீளாமல் குட்டியை இழுத்து உதவுவதே சரி.

குதிரை வளர்ப்போரே, வயிற்றுவலி என்று வண்டியில் ஏற்றும்போதே, சினைக்குச் சேர்த்த தேதியை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.