பாரிலிருந்து வயிற்றுக்கு: மீயொலிப் படத்தின் கடல்வழி வரலாறு

மருத்துவ ஸ்கேனின் வரலாற்றைப் பலரும் 1958-இல் தொடங்குகிறார்கள். கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் மூவரும் வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் ஆராய்ந்த கட்டுரை அவ்வாண்டு ஜூன் 7-ஆம் தேதி 'லான்செட்' இதழில் வந்தது. ஆனால் அந்த நுட்பம் கடலில் பிறந்தது. தூத்துக்குடிக் கடலை முன்வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படியும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். தொலாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. பார் எங்கே, எத்தனை பாகம் ஆழம் என்றறிய நெடுங்காலம் இரண்டே வழிகள்: ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவது, அல்லது ஆளே மூழ்கிப் பார்ப்பது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு வெகு முன்பே கயிற்றின் வேலையை ஒலி எடுத்துக்கொண்டிருந்தது.

தண்ணீரில் ஒலியின் வேகத்தைக் கொலடோனும் ஸ்டர்மும் 1826-இல் ஜெனீவா ஏரியில் அளந்தனர்: நொடிக்கு 1,435 மீட்டர். அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். டைட்டானிக் மூழ்கியதும் முதல் உலகப்போரின் நீர்மூழ்கிகளும் அவசரத்தை உண்டாக்க, 1917 வாக்கில் இயற்பியலாளர் லாஞ்செவான் குவார்ட்ஸ் படிகத்தால் மீயொலியை அனுப்பி எதிரொலியைத் திரும்பப் பெற்றார். இன்றைய ஸ்கேன் கருவியின் கைப்பிடிக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான். குவார்ட்ஸ் போய்ச் செயற்கைப் பீங்கான் வந்திருக்கிறது.

கணக்கும் மாறவில்லை. ஒலி போய்வந்த நேரத்தை வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம். ஸ்கேன் கருவிகள் உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் செல்வதாக வைத்துக் கணக்கிடுகின்றன. 28 டிகிரி வெப்பமும் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பும் உள்ள கடல்நீரிலும் வேகம் ஏறக்குறைய அதேதான். அத்தகைய நீரில் 18 மீட்டர் ஆழத்துப் பாரிலிருந்து எதிரொலி திரும்ப 23 மில்லி நொடி ஆகும். வயிற்றில் 10 செ.மீ. ஆழத்திலிருந்து வர 130 மைக்ரோ நொடி.

வேறுபாடு அதிர்வெண்ணில்தான். விசைப்படகுகளில் 'எக்கோ சவுண்டர்' என்று சொல்லும் கருவி பொதுவாக 50 அல்லது 200 கிலோஹெர்ட்சில் ஓடும். 50-இல் அலைநீளம் 3 செ.மீ.; விரலளவு நுணுக்கம் அதற்குப் புலப்படாது. வயிற்று ஸ்கேனின் 3.5 மெகாஹெர்ட்சில் அலைநீளம் 0.44 மி.மீ. நுணுக்கம் கூடக்கூட ஒலி சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால்தான் தைராய்டுக்கு ஒரு கைப்பிடி, கல்லீரலுக்கு இன்னொன்று.

டொனால்டு போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர். ரேடாரும் சோனாரும் அவருக்குப் புதிதல்ல. 1955 ஜூலை 21 அன்று, அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட ஒரு மாட்டிறைச்சித் துண்டு. நீர் நிறைந்த கட்டியும் கெட்டியான கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பிறகு அவருக்குக் கருவி கொடுத்து உதவிய கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனம் கப்பல்களுக்கு எதிரொலிமானி செய்துவந்த நிறுவனம். ஸ்கேனின் பூர்வீகத்துக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

எதிரொலி எழுவது இரு பொருள்கள் சந்திக்கும் எல்லையில். காற்றும் திசுவும் சந்தித்தால் 99.9 சதவீத ஒலி திரும்பிவிடும். வயிற்றில் ஜெல் தடவுவது அந்தக் காற்றை விலக்கத்தான். மீன்பிடியில் அதே காற்று நண்பன்: மீனின் காற்றுப்பையே பலத்த எதிரொலி தருகிறது. காற்றுப்பை இல்லாத சீலா (சென்னையில் வஞ்சிரம்) மங்கலாகத்தான் தெரியும்.

முத்திடம் மீயொலி தோற்கிறது. சிப்பியின் ஓடு ஒலியின் பெரும்பகுதியைத் திருப்பிவிடுவதால் உள்ளே இருப்பது தெரிவதில்லை. எலும்புக்குப் பின்னால் நிழல் விழுவதும் இப்படித்தான். 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி முத்து வளர்ப்பில் வெற்றி கண்டார். அப்படி வளர்த்த முத்தையும் இயற்கை முத்தையும் பிரித்தறிய ஆய்வகங்கள் நாடுவது எக்ஸ்ரேயைத்தான்.

தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரியும் மீன்பிடித் துறைமுகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. மீயொலிப் பாடம் தொடங்கும் நாளில் மாணவர்களை ஒரு விசைப்படகில் ஏற்றி எக்கோ சவுண்டர் திரையைக் காட்டலாம். கல்லூரி ஆசிரியர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.