தவிர்த்தல்: சுங்கம் முதல் வருமான வரி வரை

முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு விருதுப்பெயர் உண்டு. பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுவதால் அந்தத் தொடர் நம் காதில் உறுத்துவதில்லை. இன்று காரைக்குடி ஆடிட்டர் ஒருவரிடம் போய், 'இவர் வரியைத் தவிர்த்தவர்' என்று சொல்லிப் பாருங்கள். வரி வாங்காத அரசன் மறைந்து, வரி கட்டாமல் நழுவியவன் வந்து நிற்பான். வினையும் மாறவில்லை, வரியும் மாறவில்லை; பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது.

புறநானூற்றின் 3ஆம் பாட்டில் இரும்பிடர்த்தலையார் பாண்டியர் குலத்தின் ஈகைக்குத் 'தவிரா' என்ற அடையைச் சேர்க்கிறார். ஓயாத ஈகை என்பது பொருள். ஆகத் தவிர்தல் அங்கே நின்றுபோதல். யாரும் எதிலிருந்தும் ஒதுங்கவில்லை. அதன் பிறவினையான தவிர்த்தல், நின்றுபோகச் செய்தல். குலோத்துங்கன் செய்தது அதைத்தான். நடப்பிலிருந்த சுங்கத்தை நிறுத்தினான். இன்றைய அரசாணையாக இருந்தால் 'ரத்து' என்று எழுதியிருப்பார்கள்.

இன்றைய வழக்கில் தவிர்க்கப்படுவது இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆள்தான் விலகுகிறான். வெயிலைத் தவிர்க்கிறோம், கடன்காரனைத் தவிர்க்கிறோம். அழைப்பிதழின் அடியில் 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்' என்று அச்சிடுகிறோம் (மொய் நோட்டு அதனால் மூடிவிடுவதில்லை என்பது வேறு கதை). வேண்டுமென்றே செய்வது என்ற உட்குறிப்பு இந்த இடமாற்றத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. சுங்கத்தை ஒழிக்க அதிகாரம் வேண்டும். அதை விட்டு விலக நோக்கம் இருந்தால் போதும்.

இந்த நோக்கத்தைத் துருவி அளந்த இடம் வருமான வரிச் சட்டம். செட்டிநாட்டுக்கு அதில் தனிப் பங்கு உண்டு. பர்மா, மலாயா, இலங்கை என்று கடை விரித்த நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பலர், முதலாளியாகச் சொந்த ஊரில் இருந்தபடி, பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற வரிசையில் ஆட்களை அனுப்பித் தொழில் நடத்தினார்கள். பணம் புரள்வது கடலுக்கு அப்பால், முடிவெடுப்பது வளவுக்குள். அப்படியானால் வரி எந்த நாட்டுக்கு? கொழும்பில் மனைவி மக்களோடு குடியிருந்து வணிகம் செய்த ஒரு செட்டியார் குடும்பத்தலைவரின் வழக்கில் 1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கில் எடுத்துக்கொண்ட ஆண்டில் அவர் இந்தியாவில் இருந்தது 101 நாள். கூட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் முழுக்க வெளிநாட்டிலேயே நடந்தது என்று அவர் மெய்ப்பிக்கவில்லை. ஆகவே குடும்பம் இந்தியாவில் வசிப்பதாகவே கொள்ளப்படும் என்றார்கள்.

கூட்டுக் குடும்பத்தின் பாகப்பிரிவினையும் வரியைத் தவிர்க்கும் வழியோ என்ற சந்தேகத்துக்கு உள்ளானது. சொத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வருமானத்தைப் பல கணக்குகளில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. 1978 டிசம்பர் 31க்குப் பிறகு நடந்த பகுதிப் பிரிவினைகள் வரிக்குச் செல்லாது என்று 1980இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்துக்கு உட்பட்டது தவிர்ப்பு, சட்டத்தை மீறியது ஏய்ப்பு என்று வழக்கறிஞர்கள் பிரித்துப் பேசுவார்கள். 1985இல் மெக்டவல் நிறுவனத்தின் வரி வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, தவிர்ப்புக்கு இருந்த அந்த மரியாதையையும் மறுத்து எழுதினார்.

இத்தனைக்கும் பழைய பொருள் செத்துவிடவில்லை. 'இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம்' என்கிறோமே, அதில் தவிர்ப்பது யார்? குடிமகன் அல்ல, இரண்டு அரசுகள். மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனத்துக்கு, தோட்ட வருமானத்துக்கும் அங்கே சொத்து விற்ற லாபத்துக்கும் அத்தகைய ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் வரியில்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. வணிகருக்கு வரியை நிறுத்தியது, குலோத்துங்கன் காலத்தைப் போலவே, அரசின் கையெழுத்துத்தான்.

ஆகவே 'வரித் தவிர்ப்பு' என்ற தொடருக்கு அகராதியில் ஒரே பொருள் தருவது போதாது. வாங்குபவர் தவிர்ப்பது, கொடுப்பவர் தவிர்ப்பது என இரண்டையும் சொல்லகராதி தொகுப்போர் தனித்தனிப் பதிவாகத் தர வேண்டும்.