தஃப்ஸீருல் ஜலாலைன்

குர்ஆனுக்கு அரபு மொழியில் எழுதப்பட்ட சுருக்க விரிவுரை. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருவர் எழுதியது. இருவருமே ஜலாலுத்தீன்கள் என்பதால் இந்தப் பெயர். மத்ரஸாக்களில் 'ஜலாலைன்' என்றாலே போதும்.

தொடங்கியவர் ஜலாலுத்தீன் அல்மஹல்லி (1389–1459). ஷாஃபியீ சட்ட அறிஞர்; தலைமை காழி பதவி தேடி வந்தும் ஏற்க மறுத்தவர். 18ஆம் அத்தியாயமான கஹ்ஃபிலிருந்து 114 வரை உரை எழுதி முடித்தார். பிறகு முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவுக்கும் எழுதினார். அதோடு காலமாகிவிட்டார். எஞ்சிய பகராவிலிருந்து இஸ்ரா வரையிலான 16 அத்தியாயங்களை ஜலாலுத்தீன் அஸ்ஸுயூத்தி (1445–1505) நிறைவு செய்தார். ஹிஜ்ரி 870 ரமலான் முதல் நாள் எழுத உட்கார்ந்து ஷவ்வால் பத்தாம் நாள் முடித்தார். ஏறத்தாழ 40 நாள். அப்போது அவருக்கு வயது 21. சுத்தப் பிரதி எடுக்க அதைவிட அதிக நாள் பிடித்து, மறு ஆண்டு ஸஃபர் மாதத்தில்தான் முடிந்தது. மஹல்லியின் பங்கு சிதறாமல் ஒரே தொடராக இருக்கட்டும் என்று, ஃபாத்திஹாவின் உரை நூலின் இறுதியில் வைக்கப்பட்டது.

இதன் உரைமுறை தனியானது. வசனத்தை முழுதாகத் தந்துவிட்டு அடியில் விளக்கம் எழுதுவதில்லை. வசனத்தின் சொற்களுக்கு இடையிலேயே விளக்கச் சொற்கள் நுழைகின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரே வாக்கியமாக ஓடும். பகராவின் இரண்டாம் வசனத்தைப் பார்க்கலாம். 'அது' எனத் தொலைவைச் சுட்டும் சொல்லை ஸுயூத்தி 'இது' என்று விளக்குகிறார். 'வேதம்' என்பதோடு, முஹம்மது நபி ஓதுவது என்று சேர்க்கிறார். 'ஐயமில்லை' என்பதற்கு, இறைவனிடமிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை என எல்லை வகுக்கிறார். தொலைவுச் சுட்டு மேன்மையைக் காட்டுவதற்காக என்ற இலக்கணக் குறிப்பும், 'நேர்வழி' வாக்கியத்தில் வகிக்கும் இடமும் அதே மூச்சில் வந்துவிடுகின்றன. ஓதல் வேறுபாடுகளான கிராஅத்துகளும் இப்படித்தான் ஒரு சொல்லில், இரு சொல்லில் முடிந்துபோகும். ஏன் இந்தப் பொருள், மறுப்பவர் யார் என்ற விவாதம் பெரும்பாலும் இருக்காது. எளிய நூல் என்று நம்பித் தனியே திறப்பவர் இங்கேதான் திணறுவார்.

நூல் எவ்வளவு சிக்கனமானது என்பதற்கு ஹாஜி கலீஃபா தம் நூற்பட்டியலில் ஒரு செய்தி தருகிறார். யெமன் அறிஞர் ஒருவர் குர்ஆனின் எழுத்துகளையும் உரையின் எழுத்துகளையும் எண்ணிப் பார்த்தாராம். 73ஆம் அத்தியாயமான முஸ்ஸம்மில் வரை இரண்டும் சமம். அடுத்த முத்தஸ்ஸிரிலிருந்து உரை கூடுதல். இது வெறும் பொழுதுபோக்குக் கணக்கு அல்ல. உளூ எனும் உடல் தூய்மை இல்லாமல் குர்ஆனைத் தொடக்கூடாது; உரையே மிகுதி என்றால் அந்த நூலைத் தொடலாம் என்பது சட்டம். நாள் முழுதும் கிதாபும் கையுமாக இருக்கும் மாணவருக்கு இது அன்றாடப் பிரச்சினை.

இருவரும் எல்லாவற்றிலும் ஒன்றுபடவில்லை. வேறுபாடு பத்து இடங்களுக்குள்தான் என்று ஸுயூத்தியே எழுதுகிறார். மஹல்லி ஸாத் அத்தியாயத்தில் உயிரை, மனிதனுள் ஊடுருவி அவனை வாழவைக்கும் நுண்பொருள் என்று வரையறுத்தார். ஸுயூத்தியும் முதலில் ஹிஜ்ர் அத்தியாயத்தில் அதையே எழுதினார். உயிரைப் பற்றிய அறிவு இறைவனுக்குரியது என்ற இஸ்ராவின் 85ஆம் வசனத்தை எண்ணி, பிறகு அடித்துவிட்டார். முன்னவரை மதித்துக்கொண்டே அவரிடமிருந்து விலகுவதற்கு இதைவிட நல்ல சான்று இந்த நூலில் இல்லை.

குறைகூறப்பட்ட இடங்களும் உண்டு. ஸாத் அத்தியாயத்தில் தாவூத் நபியின் 99 மனைவியர் கதையை மஹல்லி எடுத்தாள்கிறார். இஸ்ராயீலிய்யாத் எனப்படும் இத்தகைய முன்சமூகக் கதைகளை அறிஞர் பலர் ஏற்பதில்லை. 88ஆம் அத்தியாயமான காஷியாவில், பூமி விரிக்கப்பட்டது என்ற சொல்லை வைத்து, பூமி தட்டையானது என்பதே வெளிப்படைப் பொருள், வானியலார் சொல்வதுபோல் உருண்டை அல்ல என்கிறார். ஆனால் உருண்டை என்றாலும் மார்க்கத்தின் எந்தத் தூணும் இடியாது என்று உடனே சேர்த்துக்கொள்கிறார். இந்தப் பின்குறிப்பை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. மஹல்லிக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே குர்ஆன் விரிவுரையாளர் இமாம் ராஸி, பெரும் உருண்டையின் ஒவ்வொரு பகுதியும் தட்டையாகவே தெரியும் என்று எழுதியிருந்தார்.

இத்தகைய சிக்கல்களை அவிழ்க்க ஹாஷியாக்கள் எனப்படும் உரைக்குரைகள் எழுந்தன. எகிப்தின் சுலைமான் அல்ஜமல் (இறப்பு 1790), அஹ்மத் அஸ்ஸாவி (இறப்பு 1825) ஆகியோருடையவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. லக்னோவில் உருவான நிஜாமி பாடத்திட்டத்தில் ஜலாலைன் இடம்பெற்றதால் துணைக்கண்டமெங்கும் பரவியது. தமிழகத்து அரபுக் கல்லூரிகளிலும் பாடநூலாயிற்று. வகுப்பில் மாணவர் ஒருவர் இபாரத் எனப்படும் மூல வாசகத்தை உயிர்க்குறிகள் பிசகாமல் வாசிப்பார். உஸ்தாத் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் பிரித்துச் சொல்லி, ஹாஷியாவின் மறுப்பு இருக்கும் இடத்தில் நிறுத்தி அதையும் சொல்லுவார்.