கேபிளுக்குள் யார் வாத்தியார்? போனும் கணினியும் பேசத் தொடங்கிய கதை



போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, போனை லேப்டாப்புல மாட்டுனா சார்ஜ் மட்டும்தான் ஏறுது. போட்டோ எதையும் காட்ட மாட்டேங்குது. கேபிள் போச்சா, போன் போச்சா?" இரண்டும் போகவில்லை. திரையை மேலிருந்து கீழே இழுத்து, யு.எஸ்.பி. என்று வரும் அறிவிப்பைத் தொட்டு, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வேலை முடிந்தது. அவன் விடவில்லை. "பழைய போன்ல பென்டிரைவ் மாதிரி வந்துச்சே, அத ஏன் மாத்துனாங்க?" என்றான். நல்ல கேள்வி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் பள்ளிக்கு முதன்முதலில் வந்த கணினியின் பின்புறம் என் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். கீபோர்டுக்கு உருண்டையாக ஒரு துளை, மவுசுக்கு 9 ஊசி, பிரின்டருக்கு 25 ஊசி, அதற்கு இரண்டு பக்கமும் திருகாணி. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் கணினியை அணைத்து, மாட்டி, மறுபடி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துளை என்ற இந்தக் கூத்தை ஒழிப்பதற்காக 1994-இல் ஏழு நிறுவனங்கள் ஒன்று கூடின: இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல். அந்தக் கூட்டு முயற்சியின் பலன்தான் யு.எஸ்.பி. முதல் விதிமுறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. இன்டெலில் அந்த வேலையின் முன்னணியில் நின்றவர் அஜய் பட். பரோடாவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். வகுப்பில் விஞ்ஞானிகளின் பெயரைச் சொல்லும்போது இவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்ததுதான். இனிமேல்தான் விஷயம்.

யு.எஸ்.பி. கம்பியின் இரண்டு முனையும் சமம் இல்லை. ஒரு பக்கம் கேட்பவர், மறுபக்கம் பதில் சொல்பவர். எங்கள் காலத்து வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் கேட்டால்தான் பையன் வாயைத் திறக்கலாம், தானாக எழுந்து பேசக் கூடாது. கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தினால் அது உடனே கணினிக்கு ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கணினிதான் வினாடிக்கு நூறு முறை அளவில் "ஏதாவது அழுத்தினார்களா? ஏதாவது அழுத்தினார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கீபோர்டு தன் முறை வந்ததும் "ஆமாம், க" என்கிறது. இரண்டு கீபோர்டுகளை நேராக ஒன்றோடொன்று இணைத்தால் ஒன்றும் நடக்காது, கேட்க ஆள் இல்லை. இந்த வித்தியாசத்தை மறக்காமல் இருக்கத்தான் முனைகளையே வேறு வேறு வடிவில் செய்தார்கள். கணினிப் பக்கம் தட்டையான முனை, பிரின்டர் பக்கம் சதுரமான முனை.

ஏன் இப்படி? காசுதான் காரணம். மூளை முழுவதையும் கணினியில் வைத்துவிட்டால் மவுசும் கீபோர்டும் மலிவாகச் செய்யலாம். அதே காலத்தில் ஆப்பிள் முன்னின்று வளர்த்த ஃபயர்வயர் என்ற இணைப்பில் இந்த ஏற்றத்தாழ்வு கிடையாது, யாரும் யாரோடும் பேசலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுதான் மேல் என்பது என் கருத்து. ஆனால் ஒரு துளைக்கு ஒரு டாலர் உரிமக் கட்டணம் என்று ஆப்பிள் கேட்டது. எதிர்ப்பு வந்த பிறகு குறைத்துக்கொண்டார்கள். யு.எஸ்.பி.யை இன்டெல் கட்டணமில்லாமல் விட்டுவிட்டது. எது ஊரெங்கும் பரவியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து போன். "சின்ன பின் சார்ஜர் இருக்கா?" என்று கல்யாண மண்டபத்தில் ஆளாளுக்குக் கேட்டுத் திரிந்த காலம் ஒன்று உண்டே, அதை முடித்து வைத்தது 2007-இல் வந்த மைக்ரோ யு.எஸ்.பி. முனை. 2009-இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியில் பெரிய போன் நிறுவனங்கள் அதையே பொதுச் சார்ஜர் முனையாக ஏற்பதாகக் கையெழுத்திட்டன. சார்ஜரும் டேட்டாவும் ஒரே துளையில் வந்தது இப்படித்தான். கம்பிக்குள் நான்கு இழை இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. விலை மலிவான சில கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. அந்தக் கேபிளை வைத்துக்கொண்டு எந்த அமைப்பை மாற்றினாலும் போட்டோ வராது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-இல் வந்தது, எச்.டி.சி. ட்ரீம். அதன் உள் நினைவகம் மிகச் சிறியது. பாட்டு, போட்டோ எல்லாம் மெமரி கார்டில்தான். கணினியில் மாட்டி யு.எஸ்.பி. சேமிப்பகத்தை இயக்கு என்ற பொத்தானைத் தொட்டால், போன் அந்தக் கார்டை அப்படியே கழற்றிக் கணினி கையில் கொடுத்துவிடும். தங்கை மகன் சொன்ன பென்டிரைவ் காலம் இதுதான். கணினிக்கு வசதி, போனுக்குத் தண்டனை. கார்டு கணினியிடம் இருக்கும்வரை போனால் அதைத் தொட முடியாது. கேமரா திறக்காது, கார்டில் வைத்த ரிங்டோன் ஒலிக்காது, கார்டில் போட்ட செயலிகள் மறைந்து போகும். ஒரே நோட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ, ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள் எழுதினால் அதுதான் ஆகும். அதனால் ஒருவர் எழுதும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எழுதி முடிப்பதற்குள் கேபிளைப் பிடுங்கிவிட்டால் கார்டு முழுவதும் கெட்டுப்போகவும் கூடும். கல்யாண ஆல்பத்தை அப்படி இழந்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு.

உள் நினைவகம் பெரிதானதும் சிக்கல் முற்றியது. செயலிகளும் போட்டோக்களும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. அதைக் கழற்றிக் கொடுத்தால் போனே நின்றுவிடும். போதாததற்கு, ஆண்ட்ராய்டு தன் உள்வட்டில் கோப்புகளை வைக்கும் முறையை விண்டோஸால் படிக்கவும் முடியாது. ஆகவே 2011-இல், முதலில் டேப்லெட்டுகளுக்கான 3-ஆம் பதிப்பிலும் பிறகு போன்களுக்கான 4-ஆம் பதிப்பிலும் வழியை மாற்றினார்கள். புது வழியின் பெயர் எம்.டி.பி. அது ஆண்ட்ராய்டுக்காகப் பிறந்ததில்லை. டிஜிட்டல் கேமராக்களுக்கான பி.டி.பி. என்ற முறையை எடுத்து, பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் நீட்டி அமைத்தது.

பழைய முறை நூலக அறையின் சாவியையே கொடுப்பது. புதிய முறை கவுண்டரில் நூலகர் உட்கார்ந்திருப்பது. "இந்தப் பெயரில் ஒரு போட்டோ வேண்டும்" என்று கணினி கேட்கும், போன் எடுத்து நீட்டும். அலமாரியைக் கணினி தொடுவதே இல்லை. அதனால் போன் தன் வேலையைத் தொடர்ந்து பார்க்கலாம், வட்டும் கெடாது. விலை என்ன? மெதுவு. ஆயிரக்கணக்கான போட்டோ உள்ள கோப்புறையைத் திறந்தால் நூலகர் பட்டியல் எழுதி முடிப்பதற்குள் நாம் ஒரு காபி குடித்து வரலாம். ஆப்பிள் மேக் கணினிக்கு இந்த மொழி தெரியாது, தனியாக மென்பொருள் போட வேண்டும். இதற்காகப் பலர் திட்டினார்கள். எனக்கு இதில் ஆண்ட்ராய்டுகாரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

நூலகர் வந்துவிட்டார் என்றால், யாருக்குப் புத்தகம் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற கேள்வியும் வந்துவிடும். 2011 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் டெஃப்கான் என்ற பாதுகாப்பு வல்லுநர்களின் மாநாட்டில் சிலர் இலவச சார்ஜர் மேடை ஒன்றை வைத்தார்கள். போனைச் சொருகியதும், "தெரியாத இடத்தில் போனைச் சொருகாதீர்கள், உங்கள் தகவலை எடுத்துக்கொண்டு போக முடியும்" என்ற பொருளில் திரையில் எச்சரிக்கை வரும். சொருகியவர்கள் முந்நூறு பேருக்கு மேல். அத்தனையும் கணினிப் பாதுகாப்பில் கரை கண்டவர்கள்! பேருந்து நிலையத்தில் நாம் சொருகுவதில் என்ன ஆச்சரியம்? அதன் பிறகு ஆண்ட்ராய்டு கதவை ஒவ்வொன்றாகச் சாத்தியது. 2013-இல், மென்பொருள் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் வழிக்கு, ஒவ்வொரு கணினிக்கும் தனியாக அனுமதி கேட்கும் முறை வந்தது. 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பில், எங்கே சொருகினாலும் முதலில் சார்ஜ் மட்டும், மற்றது சொந்தக்காரர் திரையைத் திறந்து தொட்டுச் சொன்னால்தான் என்று ஆனது. தங்கை மகனின் போன் "கெட்டுப்போனது" அந்த வருஷம்தான்.

இந்தப் பூட்டு எவ்வளவு நல்லதோ, அவ்வளவு கொடுமையாகவும் ஆகும். திரை உடைந்தால், தொட்டுச் சொல்ல முடியாது. தொட முடியாவிட்டால் கதவு திறக்காது.

என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது அவளே ஆசிரியை, மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு போனோடு வீட்டுக்கு வந்தாள். கீழே விழுந்ததில் படம் தெரிகிறது, தொடுதல் போய்விட்டது. கடையில் கேட்டதற்கு, "சரி பண்ணலாம், ஆனா உள்ளே இருக்கறதுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்களாம். உள்ளே இருந்தது அவள் அம்மாவின் குரல். பேத்தியைத் தூங்கவைக்கப் பாடியதை இவள் விளையாட்டாகப் பதிவு செய்திருக்கிறாள். அம்மா காலமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. "சார், வேற எங்கேயும் காப்பி இல்ல சார்" என்றாள்.

இங்கேதான் வகுப்பறையைத் தலைகீழாக்கிய ஒரு சின்னக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன் அதுவரை பதில் சொல்லும் பையன்தான். 2001-இலேயே யு.எஸ்.பி.காரர்கள் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள்: கேமராவைக் கணினி இல்லாமல் நேராகப் பிரின்டரில் இணைக்க மக்கள் விரும்புவார்கள், ஆனால் இரண்டுமே பையன்கள், கேட்க ஆள் இல்லை. அதற்காக ஓ.டி.ஜி. என்ற துணை விதியை எழுதினார்கள். சின்ன முனையில் ஐந்தாவதாக ஒரு ஊசி உண்டு. சாதாரணக் கேபிளில் அது எதிலும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கும். ஓ.டி.ஜி. கம்பியில் அதைக் கறுப்பு இழையோடு சேர்த்திருப்பார்கள். அதைக் கண்டதும் போன், "இன்று நான்தான் வாத்தியார்" என்று புரிந்துகொண்டு, கேள்வி கேட்கத் தொடங்கும், எதிரில் இருப்பதற்கு மின்சாரமும் கொடுக்கும். அவ்வளவுதான், ஒரே ஒரு ஊசி. நோக்கியா என்8 போன் 2010-இல் இதைச் செய்தது. ஆண்ட்ராய்டில் 2011 மே மாதம், 3.1 பதிப்பில் முறைப்படி வந்தது. சாம்சங் கேலக்ஸி எஸ் 2 போனில் பென்டிரைவைச் சொருகிக் காட்டியபோது பலர் வாயைப் பிளந்தார்கள்.

அந்தப் பெண்ணின் போனுக்கு ஓ.டி.ஜி. கம்பியை மாட்டினோம். அதில் ஒரு சின்ன யு.எஸ்.பி. ஹப், அதில் என் பழைய மவுசும் ஒரு பென்டிரைவும். உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்புக்குறி தோன்றியது. மவுசை அழுத்தி இழுத்துப் பூட்டைத் திறந்தாள், இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறை திறந்தது. கோப்புகளைத் திறந்து, பதிவுகளைத் தேடி, பென்டிரைவுக்கு நகல் எடுத்தோம். கணினி வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் நாற்பது வினாடிப் பதிவு. அவள் அங்கேயே போட்டுக் கேட்டாள். என் மனைவி காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

உங்கள் போனில் தொடுதல் போய்ப் படம் மட்டும் தெரிந்தால், இந்த வழியை முயலுங்கள். படமே தெரியாவிட்டால் இது உதவாது. சில மலிவு விலை போன்களில் ஓ.டி.ஜி. வசதியே இல்லை. வேறு சிலவற்றில் அமைப்புகளுக்குள் போய் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். திரை நன்றாக இருக்கும்போதே இன்று இரவு பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரமாக வேண்டியதற்கு இரண்டாவது நகல் ஒன்றையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, இப்போது எல்லார் கையிலும் உள்ள சி முனை. 2014-இல் விதிமுறை வந்தது. எப்படித் திருப்பிச் சொருகினாலும் ஏறும். முதல் யு.எஸ்.பி.யில் இந்த வசதி இல்லாததற்குக் காரணமும் செலவுதான் என்று அஜய் பட்டே சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுப் போன்களுக்கு அது கட்டாயம். அதற்கு முந்தைய வருஷமே ஆப்பிளும் ஐபோனில் மாறிவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது திருப்பிச் சொருகுவது அல்ல. இந்தக் கேபிளின் இரண்டு முனையும் ஒரே மாதிரி! வடிவத்தைப் பார்த்து யார் கேட்பவர், யார் சொல்பவர் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு போன்களைச் சி கேபிளால் இணைத்தால், ஒவ்வொன்றும் "நான் வாத்தியார், நான் பையன், நான் வாத்தியார்" என்று வேகமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்று வாத்தியார் என்றும் மற்றது பையன் என்றும் சொல்லும் கணத்தில் பேச்சு தொடங்கும், வாத்தியார் ஆன போன் தன் பேட்டரியிலிருந்து மற்றதற்குச் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். யாருக்கு எது அமையும் என்பது பெரும்பாலும் தற்செயல்தான். பிடிக்கவில்லை என்றால், யு.எஸ்.பி. அறிவிப்பைத் தொட்டுப் பாருங்கள், பல போன்களில் கட்டுப்படுத்துவது இந்தச் சாதனமா, இணைக்கப்பட்ட சாதனமா என்று ஒரு கேள்வி இருக்கும். தொட்டு மாற்றிக்கொள்ளலாம்.