கருத்தடை மாத்திரையும் இரத்த நொதிகளும்: ஐதராபாத் ஆய்வுகள்

கருத்தடைக்கென அமெரிக்காவில் 1960இல் அனுமதி பெற்ற முதல் மாத்திரை எனோவிட். அதில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பொதுவாக 30 மைக்ரோகிராம்தான். 1966இல் டி. பி. ரோஸ் ஒரு மாற்றத்தைக் கண்டார். டிரிப்டோஃபன் என்னும் அமினோ அமிலம் கொடுத்தபோது, மாத்திரை உண்ட பெண்களின் சிறுநீரில் சாந்தூரெனிக் அமிலம் மிகுந்தது. உயிர்ச்சத்து பி6 குறைந்தவர்களிடம் காணப்படும் அடையாளம் அது. 1973இல் வெளியான லண்டன் ஆய்வில், மாத்திரை உண்டு மனச்சோர்வுற்ற 22 பெண்களில் 11 பேருக்கு பி6 குறைபாடு இருந்தது.

அவை ஓரளவு வளமான நாடுகளின் முடிவுகள். பாலும் கீரையும் அரிதாகவே உண்ணும் இந்திய ஏழைப் பெண்களுக்கு என்ன ஆகும்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டது ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே இதன் மூலம். 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கு அகமது, மஹ்தாப் பாம்ஜி, ஐயங்கார் ஆகியோர் செய்த ஆய்வு 1975இல் வெளியானது.

இத்தகைய ஆய்வுகளுக்குச் சிவப்பணுக்களின் நொதிகளே அளவுகோல். குளுட்டாதையோன் ரிடக்டேஸ் நொதி இயங்க ரிபோஃபிளேவினிலிருந்து (பி2) உருவாகும் துணைநொதி வேண்டும். டிரான்சமினேஸ் நொதிக்கு பி6 வேண்டும். சோதனைக்குழாயில் அத்துணைநொதியைச் சேர்த்ததும் நொதியின் வேகம் வெகுவாகக் கூடினால், உடலில் அந்த உயிர்ச்சத்து போதவில்லை என்று பொருள். எளிமையான, நேர்த்தியான சோதனை.

சிக்கல் மாத்திரையில் இருந்தது. ஹார்மோன் சில நொதிகளின் அளவையே மாற்றிவிடுகிறது. டிரிப்டோஃபனைச் சிதைக்கும் முதல் நொதி கல்லீரலில் கூடுவதால், பி6 குறையாமலேயே சாந்தூரெனிக் அமிலம் பெருகலாம். ஆகவே மாறிய அளவு ஒவ்வொன்றையும் சத்துக்குறைவு என்று படித்தது அவசர முடிவே. உயிர்ச்சத்து ஏ விஷயத்திலோ எதிர்த்திசை மயக்கம்: ஈஸ்ட்ரோஜன் அதைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டுவதால் இரத்தத்தில் அதன் அளவு உயரும், கல்லீரல் சேமிப்பு உயர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது.

குற்றம் மாத்திரையினுடையதா, வறுமையினுடையதா? உலக சுகாதார அமைப்பின் குழு இந்திய, தாய்லாந்து நாடுகளின் ஊட்டம் குன்றிய பெண்களிடம் இதையே ஆராய்ந்து, ஹார்மோனின் தாக்கத்தையும் ஹார்மோன் அல்லாத காரணங்களையும் எடைபோட்டு 1986இல் அறிக்கை வெளியிட்டது. பசித்த உடலில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள்: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. பி உயிர்ச்சத்து எதுவும் அதில் இல்லை.